நூலும் தடையும் – ஒரு நூலகரின் எண்ணங்கள்

ஆண்டுதோறும் கல்லூரி மலருக்கு நூலகத்தின் பங்காகச் சென்றுகொண்டிருந்தது ஒரு பக்க அறிக்கைதான். இவ்வாண்டு வாங்கிய நூல்கள் இத்தனை, வரவழைக்கும் இதழ்கள் இத்தனை, இரவல் பெற்றோர் இத்தனை பேர் என்று எண்களை வரிசையாக எழுதிக் கீழே கையொப்பமிட்டால் என் கடமை முடிந்துவிடும். இம்முறை மலர்க் குழுத் தலைவராகிய தமிழ்ப் பேராசிரியர், “எண்களைக் கொடுத்து எங்களை ஏமாற்றியது போதும், எண்ணங்களை எழுதித் தாருங்கள்” என்று கேட்டுக்கொண்டார். எண்ணங்களைக் கேட்டால் எவனும் தன் நெஞ்சில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பதைத்தான் எழுதுவான். நான் எழுதப்போவதும் அத்தகையதே.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நாள்தோறும் இரயிலில் வந்து போகிறவன் நான். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். உட்கார இடம் கிடைத்த நாளில் நாற்பது பக்கம் படிக்கலாம். நின்றுகொண்டே வந்தால் பத்துப் பக்கம். சில திங்களுக்கு முன் ஒருநாள் என் கையிலிருந்த நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு, எதிரில் இருந்த நண்பர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “சார், இது தடை செஞ்ச புத்தகமாச்சே. காலேஜ் லைப்ரரியில வெச்சிருக்கீங்களா?”

“யார் தடை செய்தது?”

“வேற யாரு? கவர்ன்மென்ட்டுதான்.”

அவர் பட்டம் பெற்றவர். நாளிதழ் படிக்காமல் ஒருநாளும் வண்டி ஏறாதவர். அரசு அந்நூலை ஒருநாளும் தடை செய்யவில்லை என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. முண்டியம்பாக்கம் வந்ததும் பேச்சைச் சர்க்கரை ஆலைக்கு மாற்றிவிட்டார்.

நூல், பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’. அதை எழுதியவர் நம்மைப் போன்றே ஓர் அரசு கலைக் கல்லூரியில், நாமக்கல்லில், தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவர். 2010-ஆம் ஆண்டில் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட நாவல் அது. குழந்தை இல்லாத காளி, பொன்னா என்னும் உழவர் குடும்பத்து இணையரின் துயரமும், அவர்கள் மேல் ஊரும் உறவும் சுமத்தும் ஏச்சும் அதன் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழா அதில் வருகிறது. நான்காண்டுக் காலம் எவரும் அதைப் பற்றிக் கோபம் கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் வெளிவந்து பலர் கண்ணில் பட்ட பிறகு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. நூலைக் கொளுத்தினார்கள்; கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12-ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஒரு ‘சமாதானப் பேச்சு’ நடந்தது. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும், விற்பனையாகாத படிகளைத் திரும்பப் பெறவும் அவர் இசைந்து கையெழுத்திட்டார். ஓரிரு நாளில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்து எழுத்தையே துறந்தார்.

ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2016 ஜூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய ஆயம், நூலைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. அந்தச் சமாதானப் பேச்சின் முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காதவர் நூலை மூடி வைத்துவிடலாம், ஆசிரியர் மீண்டும் எழுத வரட்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அவரும் எழுத வந்தார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே. நான் சொல்ல வந்தது இதன் மறுபக்கத்தை.

அக்காலத்தில் நான் வேறோர் ஊரில், வேறொரு நூலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். 2015 பொங்கல் விடுமுறை முடிந்து நூலகம் திறந்த வாரத்தில் இரண்டு பெரியவர்கள் என்னைக் காண வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதட்டவில்லை, மிரட்டவில்லை. நான் வரவழைத்த தேநீரைக் குடித்தார்கள். “அந்தப் புத்தகம் உங்ககிட்ட இருக்குதுங்களா?” என்று கேட்டார்கள். இரண்டு படிகள் இருக்கின்றன என்றேன். “நாங்க ஒண்ணும் சொல்லல. நாளைக்கு நாலு பசங்க வந்து சத்தம் போட்டா உங்களுக்குத்தான் சங்கடம். பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார்கள். நூலைப் படித்தீர்களா என்று அவர்களைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

அன்று மாலை, பணியாளர்கள் போன பிறகு, நானே அலமாரிக்குச் சென்று அவ்விரண்டு படிகளையும் எடுத்துவந்து என் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதிவேட்டில் என்ன எழுதுவது? ‘தொலைந்தது’ என்றால் விலையைக் கட்டவேண்டும். ‘நீக்கப்பட்டது’ என்றால் ஆணை வேண்டும். எனவே ‘பைண்டிங்குக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதினேன். நூலகத் துறையில் உள்ளவர்களுக்கு இச்சொல்லின் மகிமை தெரியும். கட்டடத்துக்குப் போன புத்தகம் எப்போது திரும்பும் என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் வந்தார். ஆய்வேட்டுக்கு வேண்டும் என்றார்.

“பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா.”

“எப்ப சார் வரும்?”

“வந்துடும், பத்து நாள்ல வந்துடும்.”

பத்து நாள் கழித்து வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என்னைத் தாண்டி அந்தப் பீரோவின்மேல் சென்று நின்றது. “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் அந்நூலைக் கேட்கவில்லை; வேறு நாவலை எடுத்து ஆய்வேட்டை முடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். 2016-இல் தீர்ப்பு வந்த அன்று பீரோவைத் திறந்து இரண்டு படிகளையும் அலமாரியில் வைத்தேன். அப்போது அவர் படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டே போய்விட்டிருந்தார்.

எனக்கு எந்த ஆணையும் வரவில்லை. முதல்வரோ துறைத் தலைவரோ காவல் நிலையமோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஊரில் அந்நூலைத் தடை செய்த அரசு நான்தான். இதை எழுதவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அரசு ஒரு நூலைத் தடை செய்வது எளிதன்று என்பதைப் பலர் அறியார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு அதற்கு வழி சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் அது 98-ஆவது பிரிவாக நிற்கிறது. மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். எதனால் தடை என்று காரணத்தை அதிலேயே சொல்ல வேண்டும். நூலில் அக்கறையுடைய எவரும் இரண்டு திங்களுக்குள் உயர்நீதிமன்றம் செல்லலாம். மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்பார்கள். காரணம் சொல்லாவிட்டால் தடை நிற்காது. இதற்குச் சான்றாக வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் வழக்கு, வேடிக்கை என்னவெனில், நம் பெரியாரின் நூலைப் பற்றியதே. இராமாயணப் பாத்திரங்களைப் பற்றி அவர் எழுதியது இந்தியில் வந்தபோது உத்தரப் பிரதேச அரசு 1969-ஆம் ஆண்டில் அதைப் பறிமுதல் செய்தது. இந்தியில் வெளியிட்ட லலாய்சிங் யாதவ் விடவில்லை. 1971-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 1976-இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். நாட்டில் நெருக்கடி நிலை இருந்த ஆண்டு அது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எழுத்தில் உள்ள தடையோடு வழக்காடலாம். எழுத்தில் இல்லாத தடையோடு யார் வழக்காடுவது? சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானின் வேதங்கள்’ என்ற நாவல் 1988 அக்டோபரில் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று சுங்கத் துறை ஆணையிட்டதை அறிவீர்கள். அந்த ஆணையை எதிர்த்து ஒருவர் தில்லி உயர்நீதிமன்றம் சென்றார். ஆணையின் படியைக் கொண்டுவாருங்கள் என்றது நீதிமன்றம். எந்த அலுவலகத்திலும் அது அகப்படவில்லை. அப்படியோர் ஆணை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் முடித்துவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாடே ஒருவரும் காட்ட முடியாத ஒரு தாளுக்கு அஞ்சி நடந்திருக்கிறது! செய்தியைப் படித்தபோது சிரிக்கத்தான் தோன்றியது. பிறகு என் பீரோ நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

இதையெல்லாம் இந்தக் கல்லூரி மலரில் எழுதுவதற்கு எனக்கு ஒரு துணிவு உண்டு. நம் கல்லூரி தாங்கி நிற்கும் பெயர் அறிஞர் அண்ணாவின் பெயர். அவர் எழுதிய ‘ஆரிய மாயை’ குற்றமென்று கருதப்பட்டு, 1950-ஆம் ஆண்டில் அவர் சிறை சென்றார். பின்னாளில் அவரே முதலமைச்சராகி அதே கோட்டையில் அமர்ந்தார். நாள்தோறும் அப்பெயர் எழுதிய வளைவின் கீழ் நுழைகிற நாம் இதை எத்தனை முறை நினைத்திருப்போம்? புலவர் குழந்தை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் இயற்றிய ‘இராவண காவியம்’ 1948-இல் தடை செய்யப்பட்டது. அத்தடையை 1971-இல் கலைஞர் ஆட்சி நீக்கியது. பாடிய புலவர் மறைந்தது 1972-இல். தடையில்லா உலகில் தம் காவியத்தோடு அவர் வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்று மேல்தான்.

பாரதியின் கதையோ நம் ஊர் வழியாகவே சென்றது. 1908 முதல் புதுச்சேரியிலிருந்து அவர் நடத்திய ‘இந்தியா’ இதழ் ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் நுழைவதை அரசு தடுத்தது. 1910-இல் இதழே நின்றுபோயிற்று. புதுச்சேரியிலிருந்து இருப்புப்பாதை வழியே சென்னைக்குப் போகும் எதுவும் விழுப்புரம் சந்திப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்று நாம் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும் அந்த மேடைகளில் அன்று எத்தனை அஞ்சல் மூட்டைகளை எத்தனை கண்கள் துழாவினவோ! அவர் மறைந்து ஏழாண்டு கழித்து 1928-இல் அவர் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து அதைக் கண்டித்தார். இருபத்தோராண்டு சென்றது. 1949-இல் சென்னை அரசே அவர் நூல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கிப் பின்னர் நாட்டு மக்களுக்குப் பொதுவாக்கியது. பறிமுதல் செய்ததும் சென்னை அரசுதான், பணம் கொடுத்து வாங்கியதும் சென்னை அரசுதான்.

இனி, மறுப்பவர் கேட்கும் கேள்விக்கு வருவோம். என் நண்பராகிய வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி கேட்பார்: “எல்லா நூலையும் அலமாரியில் வைப்பேன் என்கிறீரே, ஒரு சாதியாரை இழித்து, அவர்களை வெட்டு, குத்து என்று எழுதிய துண்டு நூலையும் வைப்பீரா? பதினேழு வயதுப் பிள்ளைகள் அல்லவா நமக்கு?” இது தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. 1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இதே விழுப்புரத்தில் ஆதிதிராவிட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அதை மறந்துவிட்டு இவ்வூரில் உட்கார்ந்துகொண்டு எழுத்துச் சுதந்திரம் பேசுவது பொறுப்பாகாது. சொல் கொல்லும் என்பதை இவ்வூர் அறியும்.

ஆயினும் ஒன்று சொல்வேன். அந்தக் கொலைகளை மூட்டியது எந்த நூலும் அன்று. கடைவீதித் தகராறில் தொடங்கி வாய்க்கு வாய் பரவிய வெறி அது. கொலைக்கு அழைக்கும் எழுத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அத்தகைய துண்டு நூலை நான் கல்லூரிப் பணத்தில் வாங்கமாட்டேன். ஆனால் மக்கள் மனம் புண்பட்டது என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் முதலில் அலமாரியை விட்டு இறங்கவேண்டியவை எவை தெரியுமா? ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல்கள். அவற்றைப் படிக்கும்போது புண்படாத மேல்சாதி மனம் உண்டா? புண்படட்டும் என்றுதானே எழுதினார்கள்! பேராசிரியர் இதை முழுதும் ஏற்கவில்லை. எங்களுக்குள் இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நூலுக்கு எதிராக நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டு வழியும் தென்படுகின்றன. அநபாய சோழன் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு சேக்கிழார் வருந்தினார் என்றும், அதன் விளைவே பெரியபுராணம் என்றும் சைவ மரபு கூறும். வரலாற்று உண்மை எப்படியாயினும், எனக்கு அந்தக் கதை பிடிக்கும். அமைச்சராக இருந்தவர், சிந்தாமணியைக் கொளுத்துங்கள் என்று மன்னனிடம் கேட்டிருக்கலாம். அவரோ நூலுக்கு எதிரே ஒரு நூலை வைத்தார். நமக்கும் இலாபம் இரண்டு காவியம். பின்னாளில் சைவ மடத்தில் பயின்ற உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து மாணவர்களுக்கு இது வேற்றூர்ச் செய்தி அன்று. தமிழ்ச் சமணர்களின் மடம் நம் மாவட்டத்து மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது.

மற்றொரு வழியும் ஐயர் எழுதியதே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டென்று கேட்டு அங்கே போனார். பழைய ஏடுகளை எல்லாம் நெருப்பில் ஆகுதி செய்துவிட்டோம் என்றார்கள். பகையால் அன்று, பழையவற்றை அப்படிச் செய்வது முறை என்று நம்பியதால். பகையால் எரித்ததைக் காண நம் தலைமுறைக்கு யாழ்ப்பாணம் வாய்த்தது. 1981 மே 31 இரவில் தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவர்களுள் ஒருவர் நம் சீர்காழி இரங்கநாதன் என்பதை நூலகத் துறை மாணவர் அறிவர். நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாளிதழை விரித்து வைத்துப் பெரியவர்கள் பேசாமல் நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

அதே இரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாம் விதி. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த மாணவி மூன்று முறை வந்து நின்றபோது இரண்டு விதிகளையும் ஒரே பூட்டில் பூட்டினேன்.

சத்தமில்லாத தடைகள் இன்னும் உண்டு. ‘இந்த ஆசிரியர் வேண்டாம், வம்பு’ என்று கொள்முதல் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. பாடத்திட்டத்திலிருந்து ஒரு கதையை அடுத்த ஆண்டு காணாமற்போகச் செய்வது. ‘குறிப்புதவி மட்டும்’ என்று முத்திரை குத்தி இரவல் தராமல் வைப்பது. இவற்றை எந்த ஏடும் செய்தியாக்காது. பேராசிரியப் பெருமக்களும் இதில் எனக்குத் துணைநின்றதுண்டு என்று சொன்னால் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

இக்கல்லூரிக்கு வந்த பின் நான் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். இரவல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு நூல்கட்டித் தொங்குகிறது; பார்த்திருப்பீர்கள். எந்த நூலை எடுக்க வேண்டும், எதை வாங்க வேண்டும் என்று யாரும் அதில் எழுதலாம். ஒரே நிபந்தனை: நூலை முழுதும் படித்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் என்று குறிப்பிட வேண்டும். முதலாண்டில் மின்விசிறி சுற்றவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை.

சென்ற மாதம் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ‘மாதொருபாகன்’ நூலைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் சற்று வேகமாகவே வைத்தார். “இதை எதுக்கு சார் வாங்கினீங்க?” என்றார். முழுதும் படித்தாயா தம்பி என்று கேட்டேன். படித்தேன் என்றார். நோட்டைக் காட்டினேன். நின்றுகொண்டே ஒரு பக்கம் எழுதினார். பக்க எண்களோடு எழுதினார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், ஒரு மாணவியுடையது என்று நினைக்கிறேன், இரண்டு பக்க மறுப்பு வந்திருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டு, அந்நூலை இரண்டாம் முறையாக இரவல் எடுத்துப் போயிருக்கிறார். தவணை வெள்ளிக்கிழமை முடிகிறது.